ஒரே குடும்பத்தில் ஏழு பேரைக் கொன்றவர்களைத் தூக்கிலிட ஏன் இத்தனை தாமதம்? இலங்கையில் தூக்கே கிடையாதாமே, உண்மையா?

கேட்டவர் இந்தியாவிலிருந்து எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. அம்ரோஹா வழக்கைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2008 ஏப்ரல், உத்தரப் பிரதேசம், பவன்கேரி கிராமம். காதலுக்குத் தடையாக இருந்தார்கள் என்று வீட்டு மகளும் அவள் காதலனும் சேர்ந்து, மயக்க மருந்து கொடுத்துவிட்டு ஏழு பேரைக் கொன்றார்கள். பத்து மாதக் குழந்தையையும் விடவில்லை. 2010இல் தூக்கு, 2015இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 ஜனவரியில் சீராய்வு மனுவும் தள்ளுபடி. உங்கள் கோபம் விளங்குகிறது.

இலங்கை பற்றிக் கேட்டதற்கு: உண்மைதான். 1976 ஜூனுக்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கில் போட்டதில்லை. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. கொலைக்கு மரண தண்டனை என்று நீதிபதி தீர்ப்பு வாசிப்பார். ஜனாதிபதி கையெழுத்து வைத்தால்தான் கயிறு. அநேகமாக யாரும் வைப்பதில்லை, ஆள் உள்ளேயே கிடப்பார். அவ்வளவுதான்.

இதற்கு ஏன் நான் பதில் எழுத உட்கார்ந்தேன் என்றால், எங்கள் பக்கத்துக் காம்பராவில் (லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு குடும்பம் இருக்கும் அறை) இப்படி ஒன்று நடந்தது. மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். நான் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். ஒரே இரவில் மூன்று பேர். மனைவி, மாமியார், இரண்டு வயது மகன். கொன்றவர் நான் மாமா என்று கூப்பிட்ட மனுஷன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடியவர். எதனால் வெட்டினார், எப்படி வெட்டினார் என்பதை எழுதமாட்டேன். கசிப்பு (கள்ளச்சாராயம்), சந்தேகம், கடன் என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் லயத்தில் இந்த மூன்றும் இல்லாத காம்பரா எது?

அவருடைய மூத்த பிள்ளைக்கு ஆறு வயது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்து, அப்படியே பாயில் தூங்கிவிட்டாள். அதனால் தப்பினாள். விடிந்த பிறகு அம்மா அவளை யாரிடமும் கொடுக்கவில்லை. கேட்டும் யாரும் வரவில்லை. இன்றைக்கு அவள் என் தங்கச்சி.

"பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீதி வேண்டாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் ஐயா. ஆனால் எங்கள் கேஸில் செத்தவர்களுக்கும் அவள்தான் குடும்பம், கொன்றவருக்கும் அவள்தான் குடும்பம். அம்ரோஹாவிலும் அப்படித்தானே? அந்தப் பெண்ணுக்குச் சிறையில் பிறந்த பையன் 2021இல் அம்மாவை மன்னிக்கச் சொல்லி ஜனாதிபதியிடம் கேட்டான். செத்துப்போன தாத்தா பாட்டிக்கும் அவன்தான் பேரன்.

2004 நவம்பரில் கொழும்பில் ஒரு மேல் நீதிமன்ற நீதிபதியைச் சுட்டுக் கொன்றதும், இனித் தூக்குத்தான் என்று ஜனாதிபதி சந்திரிகா அறிவித்தார். மாமாவுக்கு அப்போது தீர்ப்புக்கூட வரவில்லை, விளக்கமறியலில் (விசாரணைக் காவலில்) இருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கச்சியைச் சுற்றி நின்று, "ஒங்கப்பன தொங்கவிடப் போறாங்களாம்" என்று பாடியிருக்கிறார்கள். கயிறு விழவில்லை, பாட்டு மட்டும் அடுத்த வருஷமும் ஓடியது.

2019 இன்னும் மோசம். தூக்குப் போட ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது, நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஜூன் கடைசியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாலு பேருக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன் என்றார். அன்று இரவு பதினொரு மணிக்குத் தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணே, அந்த நாலு பேருல அவரும் இருக்காரா?" போதைப்பொருள் கேஸ்காரர்கள் மட்டும்தான் என்றேன். கட் பண்ணிவிட்டாள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அவளுக்குச் சொன்னேன். "சரி" என்றாள்.

குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: அரச தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறி அவருக்கு எதிராகச் சொன்னவன் நான். தீர்ப்பு அன்றும் போயிருந்தேன். விளக்கை அணைத்து, எல்லாரையும் எழும்பச் சொல்லித்தான் வாசித்தார்கள். பாவம் என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மன்னிப்பு விஷயத்தில் நான் உங்களைவிடக் கறார். மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் 2015இல் தூக்குத் தண்டனை பெற்ற சிப்பாயை 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய வெளியே விட்டார். தூக்குக்கு மை வராத பேனா, கதவு திறக்க மட்டும் நன்றாக எழுதுகிறது.

சாட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, எது வந்தாலும் தோட்ட ஆபீசில்தான் போடுவார்கள். எனக்கு வந்த அழைப்பாணை வழக்குத் தவணை முடிந்து நாலு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. அதற்குள் வாரண்ட். பரவாயில்லை, அது சரியாகிவிட்டது. ஆனால் அதே வருஷம் ஒரு அரசாங்க வேலைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் மூன்று வாரம் அந்த ஆபீஸ் மேசையில் கிடந்து, பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) போன அம்மாவிடம் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 200 வருஷமாகத் தோட்டத்தில் உழைக்கிற சனத்துக்கு ஒரு விலாசம் இல்லை. நான் கொழும்பில் கடைக்குப் போனது அந்தக் கடிதத்தால்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் விட முடியவில்லை.

போன வருஷம் தங்கச்சி சட்டத்தரணி ஒருவர் மூலம் தீர்ப்பின் பிரதியை எடுத்தாள். முழுக்கச் சிங்களம். "அண்ணே, வாசிச்சுச் சொல்லுங்க" என்று கொடுத்தாள். என் சாட்சியமும் அதில் இருக்கிறது. அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். கேட்டது என்றேன். என்ன செய்தீர் என்று கேட்டார்கள். பிள்ளை பயப்படுவாள் என்று அம்மா சொன்னதால் டிவி சத்தத்தைக் கூட்டினேன் என்றேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் கொழும்பில் கடை நடத்துகிற எனக்குச் சிங்களம் நன்றாகவே வாசிக்க வரும். பேசத்தான் வரும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிரதி என் அலுமாரியில் இருக்கிறது.