கடற்காற்றில் உருக்கு வளையும் டெக் தகடும்: மூன்று மாடிப் பாடசாலைக்கு உகந்தவையா?

கேள்வி: வடமராட்சியில் கடற்கரைக்கு அண்மையிலுள்ள எமது பாடசாலைக்கு மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்றை அமைக்கவுள்ளோம். பின்னல் உருக்கு வளைகளின் (பீம்களின்) மேல் டெக் தகடு எனப்படும் பள்ளமும் மேடுமாக மடித்த மெல்லிய உருக்குத் தகட்டை விரித்துக் கொங்கிறீற்று இட்டால் மாரிக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தகாரர். சில வருடங்களிலேயே கறள் தின்றுவிடும் என்று சங்க உறுப்பினர் சிலர் எதிர்க்கின்றனர். எதை ஏற்பது? (பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்)

பதில்: உருக்குச் சட்டகமும் டெக் தகடும் உங்கள் கட்டடத்துக்குப் பொருந்தும், பின்னல் வளையைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலும் கீழும் அங்கிள் இரும்பு வைத்து, இடையே குறுக்குமறுக்காகக் கம்பியை வெல்டிங் செய்த இந்த வளையின் முதல் வடிவம் அமெரிக்காவில் 1923இல் உருவாகியது. அங்கு பாடசாலைக் கூரைகளில் பரவலாகப் பயன்படுகிறது. எடை குறைவு, குழாய்களும் வயர்களும் இடையால் செல்லும் என்பவை அதன் உண்மையான நன்மைகள். ஆயினும் சோடி அங்கிள்களுக்கு நடுவேயுள்ள ஒடுங்கிய இடைவெளிக்குள் உப்புக் காற்று நுழையுமே தவிர, பெயின்ற் தூரிகை நுழையாது. அங்கு தொடங்கும் கறள் சீலிங்குக்கு மேலே மறைந்திருப்பதால், வளை மெலிந்த பின்னரே தெரியவரும். ஐ வடிவ வளையிலோ எல்லா முகங்களுக்கும் கை எட்டும். அதை மணல் வீச்சினால் துப்புரவாக்கி, நாகம் (துத்தநாகம்) செறிந்த எபொக்சி முதற்பூச்சில் தொடங்கி மொத்தம் 250 மைக்ரோனுக்கு (கால் மில்லிமீற்றருக்கு) குறையாத பூச்சிடுமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டெக் தகட்டைப் பற்றித்தான் கூடுதலாகச் சிந்திக்க வேண்டும். சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தத் தகட்டில், வழமையான தரத்தில், ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோன் நாகமே இருக்கும். பொதுவாக வடிவமைப்பாளர்கள் தகட்டையே தளத்தின் அடிக்கம்பியாகக் கணக்கிட்டு, மேலே வெடிப்பைத் தடுக்க ஒரு கம்பி வலையை மட்டும் வைப்பார்கள். கரையோரத்தில் நான் அவ்வாறு செய்யமாட்டேன். தகடு முற்றாகப் பழுதானாலும் தளம் தானாகவே வகுப்பறைச் சுமையை, அதாவது சதுர மீற்றருக்குச் சுமார் 300 கிலோவை, தாங்கும்படி தகட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி வைக்கச் சொல்வேன். செலவு சற்றுக் கூடும். தீ விபத்தில் தகடு சூடேறி வலுவிழக்கும்போதும் அதே கம்பிதான் தளத்தைக் காக்கும்.

வளைகளை 3 மீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் வைத்தால், பொருத்தமான தகட்டை முட்டுக் கொடுக்காமலே விரிக்கலாம். மாரிக்கு முன் முடிக்கலாம் என்ற கணக்கு இதில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் ஈரக் கொங்கிறீற்றை நடுவில் குவித்துவிட்டு மண்வெட்டியால் இழுக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கு ஆகாது. குவித்த இடத்தில் தகடு நெளிந்துவிடும். கலவைக்கு உவர்க் கிணற்று நீரை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம், ஏனெனில் அதிலுள்ள குளோரைட்டு தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். நனைந்த தகடுகளை அடுக்கி வைத்தாலும் இடையே வெண்மையான மா பூக்கும். அது நாகம் கரைவதன் அறிகுறி. எனவே சாய்வாக, காற்றோட்டத்துடன் அடுக்கி மூடிவையுங்கள். வெட்டிய ஓரங்களுக்கும் வெல்டிங் சுட்ட இடங்களுக்கும் அன்றன்றே நாகப் பெயின்ற் பூச வேண்டும்.

வளையையும் தளத்தையும் பிணைக்கும் 19 மில்லிமீற்றர் ஸ்டட்டுகளை (தலையுள்ள கட்டையான உருக்கு ஆணிகளை) சாதாரண வெல்டிங் பெட்டியால் ஒட்ட விடாதீர்கள். அதற்கெனத் தனி இயந்திரமும் வலுவான மின்வழங்கலும் தேவை. ஐயமுள்ள ஸ்டட்டைச் சுத்தியலால் 15 பாகை வளைத்துப் பார்த்தால் குறை வெளிப்படும். இடைவேளை மணிக்குப் பிள்ளைகள் ஓடும்போது தளம் அதிருமா என்பதையும் பொறியியலாளரிடம் கணக்குடன் கேளுங்கள். நீண்ட வளைகளில் வலுவைவிட அதிர்வே பெரும்பாலும் அளவைத் தீர்மானிக்கும்.

கடலைப் பார்த்த திறந்த விறாந்தையையும் மலசலகூடப் பகுதியையும் மட்டும் டெக் தகடு இல்லாமல், பலகை அடித்துச் சாதாரண கொங்கிறீற்றில் கட்டுங்கள். அந்த இரண்டு இடங்களிலும் ஈரம் காய்வதே இல்லை.