பாலியில் கூட்டம் இல்லாத பக்கம் – கடிதம்

அன்புள்ள சார்,

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு பாலி போகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அம்மா. ஒரு வாரம். ஏற்கெனவே போய்வந்த நண்பர்கள் எல்லோரும் பாதி நேரம் டிராஃபிக்கிலேயே போய்விட்டது என்கிறார்கள். ‘யாருக்கும் தெரியாத பாலி’ என்று யூடியூபில் தேடினால் பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோ வருகிறது. உண்மையிலேயே அமைதியான இடம் அங்கே மிச்சம் இருக்கிறதா? அம்மா சுத்த சைவம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

இருக்கிறது, நிறையவே. ஆனால் அந்த வீடியோக்களில் தேடாதீர்கள். லெம்புயாங் கோவில் வாசல் படத்தைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு கோபுரத் துண்டுகளுக்கு நடுவே ஒருவர் நிற்க, கீழே ஏரியில் நிழல் விழும். அங்கே ஏரியே கிடையாது. படம் எடுப்பவர் போன் லென்ஸுக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து எடுக்கிற வித்தை அது. அதற்குத்தான் மணிக்கணக்கில் டோக்கன் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். விமான நிலையம் தெற்கே, தீவின் குறுகின கழுத்தில் இருக்கிறது. கூட்டா, செமின்யாக், சங்கு, உலுவத்து, நுசா துவா எல்லாமே அதைச் சுற்றித்தான். உபுட் கொஞ்சம் வடக்கே. இது தானாக நடந்ததும் இல்லை. 1966-இல் சனூரில் இந்தோனேசிய அதிபர் சுகர்னோ காலத்துப் பெரிய ஹோட்டல் திறந்தது, 1969-இல் சர்வதேச விமான நிலையம் வந்தது, 1971-இல் உலக வங்கி ஆதரவோடு பிரெஞ்சு ஆலோசகர்கள் ஒரு திட்டம் போட்டார்கள்: வெளிநாட்டுக்காரர்களை நுசா துவாவில் தங்கவைத்து, பகலில் மட்டும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவது, அப்போதுதான் ஊர்கள் கெடாது என்று. கூட்டம் நுசா துவாவோடு நிற்கவில்லைதான், ஆனாலும் இன்றுவரை பெரும்பாலானவர்கள் தெற்கில் தங்கி, காலையில் காரில் ஏறி, ராத்திரி திரும்புகிறவர்கள். சென்னைக்கு வந்து தி.நகர் மட்டும் பார்த்துவிட்டு ஊரே நெரிசல் என்று சொல்கிற மாதிரி.

எனவே நான் சொல்வது ஒன்றுதான், நடு மலையைத் தாண்டி வடக்கே போய்த் தங்குங்கள். வடக்கைப் பகலில் பார்த்துவிட்டுத் தெற்குக்குத் தூங்க வருவதில் பிரயோஜனம் இல்லை, டிராஃபிக் அத்தனையும் உங்கள் தலையில்தான்.

முதல் மூன்று நாள் முண்டுக். விமான நிலையத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஊர், காப்பி, கிராம்பு மரங்கள், சாயங்காலம் ஸ்வெட்டர் தேவைப்படும். பக்கத்தில் பெடுகுல்லில் இருக்கிற ஏரிக்கோவில் இந்தோனேசிய ரூபியா நோட்டில் வந்த இடம் என்பதால் பஸ் பஸ்ஸாக வருவார்கள். அதே மலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி தம்ப்லிங்கன் ஏரி, மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, மரத்தைக் குடைந்த தோணி இரண்டைச் சேர்த்துக் கட்டித் துடுப்புப் போட்டுக் கூட்டிப்போவார்கள். பையனுக்கு அது போதும்.

அங்கிருந்து இறங்கி மேற்கே பெமுத்தெரான் என்கிற கடற்கரை ஊர். அதற்குப் பதில் அமெட் போங்கள் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் நல்ல ஊர்தான், ஆனால் கரையில் பல இடங்களில் கறுப்புக் கூழாங்கல், அம்மாவுக்குக் கால் வைக்க முடியாது. பெமுத்தெரான் விரிகுடாவில் அலை குறைவு. ஒருகாலத்தில் வெடிவைத்து மீன் பிடித்ததில் அங்கே பவளப்பாறை நாசமாகிவிட்டது. 2000-லிருந்து கடலுக்கடியில் இரும்புக் கூண்டுகளை இறக்கி, குறைந்த மின்சாரத்தை ஓடவிடுகிறார்கள், கம்பிமேல் கடல்நீரின் சுண்ணாம்பு படிகிறது, அதில் பவளம் ஒட்டி வளர்கிறது. முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடியே பார்க்கலாம், கூண்டின் வளைந்த கம்பி இன்னும் தெரியும், அதைச் சுற்றி மீன் மொய்க்கும். பக்கத்தில் புலாக்கி கோவில், கடலைப் பார்த்த மலையடிவாரத்தில். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், குரங்குகள் சாமர்த்தியம்.

ஒரு நாள் சிங்கராஜா பக்கம் போய் வாருங்கள். கெடோங் கிர்த்யா என்று 1928-இல் தொடங்கிய சுவடி நூலகம், நம் ஊர் மாதிரியே பனையோலையில் கீறி, கரி தேய்த்து, மரச் சட்டத்துக்கு நடுவே கயிறு கோத்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் குபுதம்பகானில் மெதுவே கராங் கோவில். அதன் சுவரில் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார். 1904-இல் சைக்கிளில் பாலியைச் சுற்றிய நியூவென்காம்ப் என்ற டச்சு ஓவியர்தான் அது என்கிறார்கள். பின் சக்கரம் முழுசாகத் தாமரைப் பூ, சிற்பி அந்த வண்டியைத் தன் பூவேலைக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார். எனக்குப் பாலியில் மிகப் பிடித்த சிற்பம் இதுதான், கடற்கரைகளைவிட.

அம்மா சாப்பாடு. நாங்கள் இந்து என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள் என எண்ண வேண்டாம், பாலி இந்துக்களுக்கு விருந்தென்றாலே பன்றிதான். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பே, டோஃபு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காய்கறியான காடோ காடோ எங்கும் கிடைக்கும், பெரிய சிக்கல் மிளகாய்த் துவையலான சம்பலில், அதில் தெராசி என்கிற இறால் விழுது இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. ‘தன்பா தெராசி, தன்பா இக்கான்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், அதாவது இறால் விழுது வேண்டாம், மீன் வேண்டாம். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போனால் கெட்டுவிடாது.

அமைதிக்கு விலையும் உண்டு. ரயில் கிடையாது, ஆப் டாக்ஸியை வடக்கில் நம்ப முடியாது, நாள் வாடகைக்கு டிரைவரோடு கார் பேசிவிடுங்கள். ராத்திரி சீக்கிரமே கடை மூடும், விடிவதற்கு முன்பே சேவல் கூவும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சிங்கராஜா வரவேண்டும், எனவே அம்மாவின் மாத்திரைகளைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தீவான நுசா பெனிடாவை விட்டுவிடுங்கள், செங்குத்துப் படிகள், அவருக்கு ஆகாது.

மே நல்ல மாதம், மழை ஓய்ந்திருக்கும், ஜூலை ஆகஸ்ட் நெரிசல் வந்திருக்காது. கடைசி இரவு மட்டும் சனூரில் தங்குங்கள், கிழக்குப் பார்த்த கரை, ஓரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள், பாட்டியும் பேரனும் காலையில் நடக்கலாம். வடக்கிலிருந்து கிளம்பி அன்றைக்கே விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று மட்டும் துணியாதீர்கள்.