ஆம்ஸ்டர்டாமை நடந்து பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

நெதர்லாந்தின் தலைநகரான ஆம்ஸ்டர்டாமின் பழைய கால்வாய் வீடுகளைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

மகன் குடும்பத்தைப் பார்க்க நெதர்லாந்து செல்கிறோம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மணி நேரம் படகில் சுற்றினால் போதும் என்கிறார்கள். நடந்து பார்ப்பதில் கூடுதல் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, பழையபேட்டை, கிருஷ்ணகிரி

நிச்சயமாக உண்டு. படகில் சென்றால் கால்வாயின் வளைவும் பாலங்களின் அடிப்புறமும் நன்றாகத் தெரியும். ஆனால் வாசற்படியும், கதவுக்கு மேல் பதித்த சிற்பக் கல்லும், செங்கல் அடுக்கிய முறையும், சுவரின் சாய்வும் நின்று நிதானமாகப் பார்த்தால்தான் பிடிபடும்.

மத்திய ரயில் நிலையத்திலேயே தொடங்குங்கள். பியர் கைபர்ஸ் வடிவமைத்து 1889இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம், நீர்ப்பரப்பில் மண் கொட்டி உண்டாக்கிய தீவுகளின் மேல் நிற்கிறது. அங்கிருந்து 1306இல் அர்ச்சிக்கப்பட்ட பழைய தேவாலயத்தையும், அடுத்து டாம் சதுக்கத்து அரண்மனையையும் பார்த்துவிட்டு, பெகெய்ன்ஹாஃப் என்னும் அமைதியான முற்றத்துக்குள் நுழையுங்கள். 1421லும் 1452லும் பெருந்தீக்கு இரையான நகரம் அது. பின்னர் மரச்சுவர் எழுப்புவதற்கே தடை வந்தது. ஆனாலும் 1528ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாகக் கருதப்படும் மர வீடு ஒன்று இந்த முற்றத்தில் இன்றும் இருக்கிறது. இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது.

முற்றத்திலிருந்து மேற்கே, ஒரு காலத்தில் நகரின் அகழியாக இருந்த சிங்கெல் கால்வாயைக் கடந்தால், ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்னும் மூன்று கால்வாய்களும் ஒன்றையொட்டி ஒன்றாக வில் போல் வளைந்து செல்வதைக் காணலாம். 1613இல் வெட்டத் தொடங்கிய இந்தக் கால்வாய் வட்டாரம் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. மூன்றையும் ஒரே நாளில் நடந்து முடிக்க நினைக்காதீர்கள். ஹேரன்கிராக்ட் ஒன்றை மட்டும் முழுமையாக நடந்து, மற்ற இரண்டையும் குறுக்குத் தெருக்கள் வழியே கடந்து பார்ப்பதே என் பரிந்துரை.

எங்கள் பக்கம் கடைக்கால் தோண்டினால் பாறை தட்டுகிறது. சேற்று நிலத்தில் நான்கைந்து மாடி வீடுகள் நானூறு ஆண்டுகளாக எப்படி நிற்கின்றன?
– ஒரு கட்டட மேஸ்திரி, பென்னாகரம்

உங்கள் தொழிலைச் சேர்ந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்த நகரின் அடியில் இருப்பது மக்கிய தாவரங்களால் ஆன இளகிய மண்ணும் களிமண்ணும். உறுதியான மணல் அடுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. எனவே நார்வே, பால்டிக் பகுதிகளிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பைன் மரங்களை அந்த மணல் வரை செங்குத்தாக அடித்து இறக்கி, தலைகளைச் சமமாக அறுத்து, குறுக்கே மரச்சட்டம் பரப்பி, அதன் மேல் செங்கல் சுவரை எழுப்பினார்கள். யாகோப் வான் காம்பன் வடிவமைப்பில் 1648இல் நகர மண்டபமாகக் கட்டத் தொடங்கிய டாம் சதுக்க அரண்மனையின் அடியில் 13,659 மரக்கம்பங்கள் இருக்கின்றன.

மரம் மக்காதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். நிலத்தடி நீரில் முழுவதும் மூழ்கியிருக்கும்வரை காற்று படாது. காற்றில்லாமல் பூஞ்சை வளராது. நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை வெளியே தெரிந்தால் அழுகல் தொடங்கிவிடும். அதனால்தான் அங்கே கால்வாயின் நீர்மட்டத்தை ஏறவோ இறங்கவோ விடாமல் காக்கிறார்கள். முகப்பில் பெரிய பெரிய சன்னல்கள் வைத்ததற்கும், வெளிச்சம் வேண்டும் என்பதோடு, சுவரின் எடை குறைய வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கைவண்டியும் குதிரைவண்டியும் ஓடிய காலத்துக்காகக் கட்டிய கால்வாய்க் கரைச்சுவர்களுக்கு இன்றைய லாரிகளின் பாரம் பெரும் சோதனையாக இருக்கிறது. 2020இல் கிரிம்பர்க்வால் கால்வாயின் கரைச்சுவர் ஒரு பகுதி இடிந்து நீரில் விழுந்தது. வழியில் தடுப்பு வைத்துக் கரையைப் புதுப்பிக்கும் வேலை நடந்தால் விலகிச் செல்லுமுன் சிறிது நேரம் நின்று பாருங்கள். நகரின் அடித்தளத்தைக் கண்ணால் காணக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான்.

படங்களில் பல வீடுகள் தெருப்பக்கம் சாய்ந்திருக்கின்றனவே, விழுந்துவிடாதா? உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை எதற்கு?
– ஒரு வாசகர், பாலக்கோடு

முன்பக்கச் சாய்வு பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது. வணிகர்கள் சரக்கை வீட்டின் மேல்தளத்தில் சேமித்தார்கள். உள்ளே மாடிப்படி மிகக் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்ததால், உச்சியில் நீண்ட கட்டையில், நம் கிணற்றில் மாட்டுவது போன்ற கப்பியை மாட்டி, மூட்டைகளைத் தெருவிலிருந்தே தூக்கினார்கள். சுவர் முன்னே சாய்ந்திருந்தால் மேலேறும் மூட்டை சன்னலில் இடிக்காது. இன்றும் கட்டிலையும் பீரோவையும் சன்னல் வழியாகவே ஏற்றும் வீடுகள் உண்டு. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து அண்டை வீட்டின் மேல் தோள் கொடுத்து நிற்கும் வீடு வேறு கதை; அங்கே கம்பங்கள் சீராக இல்லாமல் இறங்கியிருக்கும்.

ஒரு வீட்டின் காலத்தை முகப்பைப் பார்த்தே சொல்ல முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவி, தருமபுரி

ஓரளவு முடியும். கூரையின் கூம்பை மறைத்து எழும் முகப்புச் சுவரின் உச்சியைப் பாருங்கள். படிப்படியாக ஏறி இறங்கினால், பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி. நடுப்பகுதி மட்டும் கழுத்துப் போல உயர்ந்து இருபுறமும் கல் அலங்காரம் இருந்தால் அதற்குப் பிந்தையது. மணியின் வடிவில் வளைந்திருந்தால் இன்னும் பிந்தையது.

இதைக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த இடம் ஹேரன்கிராக்டின் 168, 170 எண்ணுள்ள வீடுகள். 170ஆம் எண்ணுள்ள பார்டொலொட்டி வீடு, சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வரும் பகட்டான முகப்பைக் கொண்டது. கால்வாய் வளையும் இடத்தில் அந்த முகப்பும் சேர்ந்தே வளைகிறது. அதை ஒட்டிய 168, பிலிப்ஸ் ஃபிங்போன்ஸ் 1638இல் கட்டியது. கழுத்து வடிவ உச்சிக்கு அந்நகரில் முதல் எடுத்துக்காட்டு அதுவே. சுமார் இருபது ஆண்டு இடைவெளியில் ரசனை எவ்வளவு அடங்கி, நிமிர்ந்துவிட்டது என்பதை அந்த இரண்டு முகப்புகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது உணரலாம்.

ஓர் எச்சரிக்கை: பழைய வீட்டுக்குப் புது முகப்பு வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. எனவே உச்சி சொல்வது முகப்பின் வயதை மட்டுமே. வீட்டு எண்கள் வருவதற்கு முன் அடையாளமாகப் பதித்த வண்ணச் சிற்பக் கற்களையும் தேடிப் பாருங்கள். மீன், கப்பல், தொழிற்கருவி என வீட்டுக்காரரின் பிழைப்பை அவை பெரும்பாலும் காட்டிவிடும்.

இவ்வளவு மாளிகை கட்டப் பணம் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், ஓசூர்

பால்டிக் தானியமும் மரமும், பின்னர் ஆசியக் கடல் வணிகமும் கொடுத்த பணம். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் நம் சோழமண்டலக் கரையில் துணி வாங்கியது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் வெட்டத் தொடங்கிய அதே 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அந்தத் துறைமுகத்திலிருந்து நம் மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021இல் மன்னிப்புக் கோரினார். முகப்புகளின் அழகை ரசிக்கும் தமிழர் இதையும் அறிந்தே நடக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முழங்கால் வலி உள்ள என் மாமியாரையும் அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

போகலாம். நிலம் சமதளம், பாலங்களில் மட்டும் சிறு ஏற்றம் உண்டு. கரையோரத் தெருக்கள் செங்கல் பாவியவை என்பதால் மெத்தென்ற அடியுள்ள காலணி அணியட்டும். கால்வாய் வீட்டு அருங்காட்சியகங்களுக்குள் செல்லும்முன் மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு நிறத்தில் தார் போட்ட தடம் மிதிவண்டிகளுக்கு உரியது. முகப்பைப் பார்த்தபடியே அதில் இறங்கிவிடாமல் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.