முழு எண்ணிலிருந்து குறை அடுக்கு எண்ணைக் கழிப்பது எப்படி?

கேள்வி: 3 − 2⁻² − 6⁻¹ என்ற கணக்கைப் போட்டால் எனக்கு 13 வருகிறது, புத்தகத்தில் 31/12 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: புத்தகத்தில் இருப்பதுதான் சரி. நீங்கள் 2⁻² என்பதை −4 என்றும் 6⁻¹ என்பதை −6 என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டு கழித்தல் குறி சேர்ந்தால் கூட்டல் என்று 3 + 4 + 6 போட்டிருக்கிறீர்கள். அடுக்கில் இருக்கும் கழித்தல் குறி எண்ணைக் குறை எண்ணாக்காது, தலைகீழாக்கும், அவ்வளவுதான். ஏன் என்று புரிந்துகொண்டால் இது மறக்கவே மறக்காது: 2³ என்பது 8, 2² என்பது 4, 2¹ என்பது 2, 2⁰ என்பது 1, அதாவது அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் விடை பாதியாகிறது. நிறுத்தாமல் அப்படியே கீழே போங்கள், 2⁻¹ என்பது 1/2, 2⁻² என்பது 1/4. எங்கேயும் பூச்சியத்துக்குக் கீழே போகவில்லை, பாருங்கள்.

சரி, இப்போது கணக்கு 3 − 1/4 − 1/6. நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான், 3-க்குப் பகுதி இல்லையே என்று. 3 என்பது 3/1. 4, 6 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 12, அதனால் எல்லாவற்றையும் பன்னிரண்டில் எழுதுங்கள்: 36/12 − 3/12 − 2/12. தொகுதிகளை மட்டும் கழித்தால் 31, பகுதி 12 அப்படியே நிற்கும். பகுதிகளையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். 31/12, கலப்பு பின்னமாக 2 7/12.

விடை சரியா என்று பார்க்க ஒரு நொடி போதும்: 1/4-ம் 1/6-ம் சேர்ந்தாலும் அரையைத் தாண்டாது, ஆக விடை இரண்டரைக்குச் சற்று மேலே இருந்தாக வேண்டும். மூன்றிலிருந்து கழித்துவிட்டு 13 வந்தால் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முழு எண் பெரிதாக இருந்தால் நான் பகுதியால் பெருக்கவே மாட்டேன். 100 − 3⁻² என்றால் 1/9-ஐக் கழிக்க வேண்டும், நூறிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கி அதை 9/9 ஆக்குங்கள், மீதி 99 8/9. 900/9 என்று எழுதிப் போவதைவிட இதில் பிழை குறைவு.

அப்புறம் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். −2⁻² என்பது −1/4, (−2)⁻² என்பது 1/4. பின்னத்துக்கே குறை அடுக்கு வந்தால் முதலில் திருப்பிப்போட்டுவிட்டு அடுக்கைப் போடுங்கள்: (2/3)⁻² என்பது 9/4, எனவே 5 − (2/3)⁻² என்பது 20/4 − 9/4, விடை 11/4.