முத்திரையைக் கழற்றாதீர்கள்: ரயில் தபால் உறைகள் – கேள்வி பதில்

போன வாரம் கேட்டிருந்தேன், ரயில் சம்பந்தப்பட்ட தபால் உறைகள் பற்றி என்ன சந்தேகம் என்றாலும் எழுதுங்கள் என்று. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அப்பப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1960களில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. இவை யாழ்தேவியில் வந்தவையா?

அப்படிச் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணச் சீலும் கொழும்புச் சீலும் மட்டும் இருந்தால் எந்த வண்டியில் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய பகல் வண்டி. இரவு மெயில் வேறு. உறையின் முன்னும் பின்னும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டி.பி.ஓ. என்ற எழுத்துடன் ஒரு சீல் தென்பட்டால் அதிர்ஷ்டம். ஓடும் ரயிலிலேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்த நடமாடும் தபாலகத்தின் சீல் அது. அது இல்லாவிட்டாலும் கட்டைக் கலைக்க வேண்டாம். ஒரே குடும்பத்துக்கு வந்த கடிதங்கள் வரிசையாக இருப்பதே ஒரு சேகரிப்புத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: முத்திரையை மட்டும் கழற்றி அல்பத்தில் ஒட்டினால் போதாதா, ஐயா?

போதாது, தம்பி. பத்து வயதில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பேசினில் தண்ணீர் விட்டு, தலைமன்னார் வழியாக இந்தியா போய்த் திரும்பிய உறை ஒன்றை ஊறப் போட்டேன். முத்திரை அழகாகக் கழன்றது. பின்பக்கம் இருந்த மூன்று சீல்களும் மை கரைந்து தண்ணீரோடு போயின. அந்த முத்திரை இன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அந்தச் சீல்கள் காட்டிய வழித்தடம் கிடைக்காது.

தெஹிவளையிலிருந்து: தலைமன்னார் உறைகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பல் சேவை வந்ததும் கொழும்பையும் சென்னையையும் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று இணைத்தார்கள். போட் மெயில் என்ற பெயர் இன்றும் நம் பெரியவர்கள் வாயில் வரும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடி வழி அத்தோடு நின்றது, அதனால்தான் இந்த மதிப்பு. அதே மாதத்தில்தான் இங்கே ரயில்வே நூற்றாண்டு முத்திரைகள் வெளியாகியிருந்தன. கொழும்பு – அம்பேபுஸ்ஸ முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27இல் அல்லவா? தலா 60 சதம், இரண்டு டிசைன்கள் அடுத்தடுத்து அச்சான ஜோடி. அதன் முதல்நாள் உறை, அதாவது வெளியான நாளிலேயே சீல் குத்திய உறை, கிடைத்தால் ஜோடியைப் பிரிக்காத உறையாகப் பார்த்து எடுங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

மட்டக்குளியிலிருந்து: வெளிநாட்டு ரயில் உறைகளும் சேர்க்கலாமா?

தாராளமாக. இங்கிலாந்தில் 1838இலேயே ரயிலில் கடிதம் பிரித்தார்கள். 2004 ஜனவரியில் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 1977 ஜூன் 30 கடைசி நாள், அங்கே ஆர்.பி.ஓ. (ரயில்வே போஸ்ட் ஆபீஸ்) என்று சீலில் இருக்கும். இந்திய உறைகளில் ஆர்.எம்.எஸ். (ரயில்வே மெயில் சர்வீஸ்) என்று தேடுங்கள். ஆனால் எல்லா நாட்டுக்கும் ஆசைப்பட்டால் பெட்டி நிறையும், சேகரிப்பு வளராது.

பம்பலப்பிட்டியிலிருந்து: உறைகளில் பழுப்புப் புள்ளி வருகிறது. லேமினேட் செய்துவிடவா?

ஐயோ, வேண்டாம்! ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்த உறையை ஒருவர் என்னிடம் காட்டினார். சூட்டில் முத்திரையின் பசை உருகி, இனித் திருப்பி எடுக்கவே முடியாத நிலை. புள்ளி வருவது ஈரப்பதத்தால். கடற்கரைப் பக்க வீடு என்றால் கேட்கவே வேண்டாம். பாலியெஸ்டர் உறைகளில் போட்டு, நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். மலிவான பி.வி.சி. பைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப் பக்கமே போக வேண்டாம்.

மருதானையிலிருந்து: விலை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே உறைக்கு இரண்டு பேரிடம் இரண்டு விலை கேட்பீர்கள், அது வழக்கம். முதலில் தேதியைப் பாருங்கள். முத்திரை வெளியான நாளுக்கு முந்திய தேதி சீலில் இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் சீல் முத்திரையையும் உறையையும் ஒருசேரத் தொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சீலின் கோடு முத்திரை ஓரத்திலேயே நின்றுவிட்டால் அது வேறு உறையிலிருந்து வந்து ஒட்டியதாக இருக்கலாம்.