ஆபாசத் தளங்களுக்கு வயது சரிபார்க்கும் சட்டம் இந்தியாவில் இருக்கிறதா?

"பிரிட்டன்ல வயசைக் காட்டினாத்தான் ஆபாசத் தளம் திறக்குமாமே, நம்ம நாட்டுல அப்படி உண்டா? பையனுக்கு 13 வயசு" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே மாதிரியான சட்டம் இங்கே இல்லை. இருப்பது தடை. 2018-இல் 827 தளங்களை முடக்கச் சொன்னது மத்திய அரசு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் வெளியிடுவோரையும் பரப்புவோரையும் தண்டிக்கும். குழந்தைகள் இடம்பெறும் படம் என்றால் 67பி, தேடுவதே குற்றம்.

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் "எனக்கு 18 ஆகிவிட்டது" என்று பட்டனை அமுக்கினால் மட்டும் போதாது. கேமராவில் முகம் காட்ட வேண்டும். அல்லது அடையாள அட்டை, கிரெடிட் கார்டு போல ஏதாவது. மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம்.

ஆனால் வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் செயலி இருக்கிறதே! கடலூர்க்காரனான எனக்குப் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது, தாண்டினால் புதுச்சேரியில் 18. பஸ் ஏறினால் சட்டம் மாறிவிடும்.

எனக்குப் பெரிய பயம் அடையாள அட்டை பற்றித்தான். மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது வாடிக்கையாளர்களின் அட்டை நகல்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தேன். கடையை மூடிய பிறகு, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும், ஒவ்வொன்றாகக் கிழித்து எரித்தேன். முகம் தெரியாத ஒரு தளம் அதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை.

இப்போதைக்குப் பையன் போனில் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டு, கூகுள் தேடலில் ஆபாசத்தை வடிகட்டும் சேஃப் சர்ச்சை ஆன் செய்யுங்கள். அவனிடம் உட்கார்ந்து பேசவும் செய்யுங்கள்.