வெட்டக் கூடாத மரத்துக்கு முதலில் குறி போடுங்கள்

கேள்வி: மூலனூர் பக்கம் 6 ஏக்கர் கொரங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. 10 வருடமாகக் கவனிக்காததில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. ஜேசிபி விட்டு இரண்டே நாளில் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். உள்ளே கௌதாரியும் சிறு குருவிகளும் நிறைய. அவற்றை விரட்டாமல் காட்டைத் திருத்த முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இரண்டு நாளில் அல்ல, மூன்று வருடத்தில். வருடத்துக்கு 2 ஏக்கர் போதும். ஒரு துண்டில் புல் எழுந்த பிறகே அடுத்த துண்டில் கை வையுங்கள். கௌதாரி பகலில் புல்லுக்குள் மேயும். பொழுது சாய்ந்தால் தாழ்வான முள்மரத்தில் ஏறி அடையும். இரண்டும் பக்கத்திலேயே இருந்தால்தான் தங்கும்.

ஜேசிபியே கூடாது என்பதில்லை. சீமைக்கருவேலத்தைத் தரையோடு அறுத்தால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஒரு சாணுக்கு மேல் தோண்டித் தூரையே எடுக்க வேண்டும். தொடைப் பருமன் மரத்துக்கு வண்டி வேண்டும். கைப் பருமனுக்குக் கடப்பாரையே போதும். வண்டிக்காரர் தரையை வழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழித்தால் ஆடு மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லும் வேரோடு போய்விடும்.

அடுத்து கூலி. "கூலி வேண்டாமுங்க, விறகை எடுத்துக்கறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். விறகுக்கு வருகிறவர் பருத்ததை வெட்டிக்கொண்டு, தூரையும் கன்றுகளையும் உங்களுக்கு விட்டுப் போவார். எங்கள் காட்டில் அப்படி, நிற்க வேண்டிய நாட்டு மரமான வெள்வேல் இரண்டு போயின. கேட்டால், "எல்லாம் வேலாமரந்தானுங்களே!" என் மீதும் தப்பு உண்டு. சுண்ணாம்பில் குறி போட்டிருந்தேன். முந்தின ராத்திரி மழையில் கரைந்துவிட்டது. இப்போதெல்லாம் நிற்க வேண்டிய மரத்துக்குச் சிவப்புப் பெயின்ட் வளையம், எத்தனை மரம் என்ற கணக்கு காகிதத்தில். விறகு விலை வேறு, கூலி வேறு என்று பேசுங்கள். கூலியில் கால் பங்கை நிறுத்தி வைத்து, அடுத்த மழைக்குப் பின் துளிர்த்ததைத் தோண்டிக் கொடுத்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். கன்று பிடுங்கும் வேலை அதற்குப் பிறகும் உங்களுக்கு இருக்கும். ஆடு காயைத் தின்று புழுக்கையோடு விதையைப் போட்டுக்கொண்டே இருக்குமே.

மார்கழி, தை மாதங்களில் வேலையை முடியுங்கள். சித்திரைக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். கௌதாரி புல் தூரடியில் தரையை லேசாகப் பறித்து முட்டையிடும். ஆள் காலடிக்கு வரும்வரை அசையாது. பிறகுதான் படபடவென்று எழும். முட்டை எழுமா?

காட்டைச் சுற்றியுள்ள கிளுவை உயிர்வேலியை இந்த ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். கவாத்து வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு பக்கம். வெட்டிய முள்ளை எல்லாம் கொளுத்திவிடாமல், காய் இல்லாத கிளைகளாகப் பார்த்து ஏக்கருக்கு இரண்டு குவியல் போட்டு வையுங்கள்; குருவிக்கு ஒதுங்க இடமாகும்.

கண்ணி வைக்கக் கூடாது என்று ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கௌதாரி பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது தூக்குவாளிப் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.